வேலை ஓர் ஊருக்கு வருவதும் தங்குவதும்: நியூகாசில் தம்பிக்கு ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நேட்டால் மாகாணத்தில் இருக்கும் நியூகாசிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “என் கொள்ளுத்தாத்தா இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அப்பா இரும்பாலையில், அம்மா தையல் ஆலையில். இப்போது சுரங்கம் போய்விட்டது, தையல் ஆலைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன, இரும்பாலை இன்றைக்கு மூடுமா நாளைக்கு மூடுமா என்று இருக்கிறது. டர்பனுக்குப் போனால் அதன் வடக்கே உம்லாங்கா பக்கம் புதுப்புதுக் கட்டடங்களாக எழும்புகின்றன. ஒரே மாகாணம், ஒரே அரசு. அப்படியிருக்க ஓர் ஊரில் வேலை வளர்வதும் இன்னோர் ஊரில் தேய்வதும் எதனால்? நான் இங்கேயே இருப்பதா, கிளம்புவதா?”

தொழிற்பேட்டைகளுக்கு இடம் பார்த்து, சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் கணக்குப் போடும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். ஒரு தொழில் ஓர் ஊருக்கு வர ஒரு காரணம் இருந்தால் போதும். அங்கேயே தங்குவதற்கு வேறொரு காரணம் வேண்டும். வருவதற்கான காரணத்தை மண் தரும், கடல் தரும், சில சமயம் அரசாங்கம் தரும். தங்குவதற்கான காரணம் ஊருக்குள் உருவாக வேண்டும்: கைத்தொழில் தெரிந்த ஆட்கள், பக்கத்திலேயே உதிரிபாகம் செய்பவர்கள், நின்றுபோகாத தண்ணீர், ஓடுகிற ரயில். நியூகாசிலுக்கு முதல் வகைக் காரணம் மூன்று முறை கிடைத்தது. இரண்டாவது வகை ஒரு முறையும் முழுசாக அமையவில்லை. உங்கள் கேள்விக்கான விடை முக்கால்வாசி இதற்குள் இருக்கிறது.

முதல் முறை வந்தது கரியால். டர்பன் துறைமுகத்தில் இருந்து உள்நாட்டுக்குப் போன ரயில் பாதை லேடிஸ்மித், கிளென்கோ, நியூகாசில், வோல்க்ஸ்ரஸ்ட் வழியாகப் போய் 1895இல் ஜோகன்னஸ்பர்க்கைத் தொட்டது. ரயில் எஞ்சினுக்குக் கரி வேண்டும், டர்பனில் நிற்கும் நீராவிக் கப்பலுக்கும் கரி வேண்டும். டண்டீயிலும் நியூகாசிலிலும் கரி இருந்தது, அதை ஏற்றிச் செல்லும் பாதையும் ஊர் வழியாகவே போனது. கரும்புத் தோட்டத்துக்கென்று மெட்ராஸில் கப்பல் ஏறிய ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் கடற்கரையை விட்டு இவ்வளவு தூரம் மலைப்பக்கம் வந்து சேர்ந்தது இதனால்தான். 1913 அக்டோபரில், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து வேலைநிறுத்தத்துக்கு அழைக்க ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து கிளம்பிய தமிழ்ப் பெண்கள் நியூகாசிலுக்கு வந்ததற்கும் இதே காரணம்தான். ரயில் நிற்கும் ஊர், தமிழ் பேசும் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரே இடத்தில் திரண்டிருக்கும் ஊர். சரித்திரத்தில் நாம் பெருமையோடு படிக்கும் அந்த நிகழ்ச்சிக்கு அடியில் கரியும் தண்டவாளமும் இருக்கின்றன.

கரி ஏன் தங்கவில்லை? கப்பல்கள் எண்ணெய்க்கு மாறின. ரயில்கள் மின்சாரத்துக்கும் டீசலுக்கும் மாறின. வடக்கே இன்றைய ம்புமலாங்காவில் இதைவிடத் தடிமனான கரிப் படுகைகள் இருந்தன, அங்கே தோண்டுவது மலிவு. நேட்டால் (இன்றைய குவாசுலு நேட்டால்) கரியை யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. அதை வாங்கியவர்களின் தேவை மாறிவிட்டது.

இரண்டாம் முறை வந்தது இரும்பு. அரசு நிறுவனமான இஸ்கோர் 1970களில் பெரிய உருக்காலையை இங்கே நிறுவியது. கரி பக்கத்தில், ரயில் வாசலில், தண்ணீருக்கு ஆறு. இவை பூகோளக் காரணங்கள். கூடவே ஓர் அரசியல் காரணமும் இருந்தது. கறுப்பின மக்களை வெள்ளையர் நகரங்களில் இருந்து விலக்கி, ‘தாயகம்’ என்று பெயர் சூட்டிய ஒதுக்குப் பகுதிகளில் குடியமர்த்துவது அன்றைய அரசின் திட்டம். மதாதேனியும் ஓசிஸ்வேனியும் அப்படி உண்டாக்கப்பட்ட குடியிருப்புகள். அவற்றின் ஓரத்தில் ஆலை வைத்தால் தொழிலாளி பெருநகரத்துக்கு வரமாட்டான் என்று கணக்குப் போட்டார்கள்.

மூன்றாம் முறை வந்தது தையல். முந்தைய கணக்கின் அடுத்த கட்டம்தான் உங்கள் அம்மா வேலை பார்த்த தையல் ஆலைகள். 1980களில் இத்தகைய ஊர்களுக்கு ஆலை கொண்டுவந்தால் தொழிலாளி ஒருவருக்கு இவ்வளவு என்று சம்பளத்தின் ஒரு பகுதியை அரசே கொடுத்தது, சரக்குக் கட்டணத்திலும் தள்ளுபடி தந்தது. தைவானில் இருந்தும் ஹாங்காங்கில் இருந்தும் முதலாளிகள் தையல் இயந்திரங்களோடு வந்து இறங்கினார்கள். நியூகாசில், ஈசிதேபே, கேப் டவுனுக்கு வடக்கே அட்லாண்டிஸ் எல்லாம் இத்தகைய கொள்கையின் பிள்ளைகள். 1990களில் சலுகை சுருங்கியது. அதே சமயம் உலக வர்த்தக ஒப்பந்தப்படி நாடு இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைத்தது, சீனத் துணி உள்ளே வந்தது. பல ஆலைகள் மூடின. தாக்குப்பிடித்தவை குறைந்த கூலியால் தாக்குப்பிடித்தன. அதனால்தான் 2010, 2011 வாக்கில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் தரவில்லை என்று பெரிய தகராறு வெடித்து நீதிமன்றம் வரை போனது. கூலி குறைவான லெசோதோவும் எஸ்வாட்டினியும் பக்கத்திலேயே இருப்பதால் சிலர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள்.

சலுகையால் மட்டும் வந்த தொழிலுக்கு ஊரோடு ஒட்டு இருக்காது. நூல் வெளியூரில் இருந்து வரும், பட்டன் வெளியூரில் இருந்து வரும், வடிவமைப்பு டர்பனிலோ கேப் டவுனிலோ நடக்கும், தைத்த துணி லாரியில் போய்விடும். ஊரில் இருப்பது கூலி மட்டும். கூலி ஒன்றுதான் பிடிப்பு என்றால், அதைவிட மலிவான கூலி கிடைத்த அன்றைக்கு அந்தப் பிடிப்பும் விட்டுப்போகும்.

இரும்பாலை விஷயம் வேறு. அது கனமானது, எளிதாக நகராது. ஆனால் அதன் உயிர் ரயிலில் இருக்கிறது. நாட்டின் ரயில்கள் 2017-18இல் ஏறத்தாழ 22.6 கோடி டன் சரக்கு ஏற்றின. 2022-23இல் அது 15 கோடி டன்னுக்கும் சற்றுக் கீழே விழுந்தது. தாமிரக் கம்பித் திருட்டு, உதிரிபாகம் இல்லாமல் நின்ற எஞ்சின்கள், நிர்வாகச் சீர்கேடு என்று காரணங்கள் பல. மின்கட்டணம் ஏறியது, உலகச் சந்தையில் சீன எஃகு குவிந்தது, உள்நாட்டில் கட்டுமானம் படுத்தது. இஸ்கோரின் ஆலைகளைப் பிற்பாடு வாங்கிய ஆர்சலர்மிட்டல் நிறுவனம் 2023 நவம்பரில் நியூகாசில் ஆலையை நிறுத்தப்போவதாக முதலில் அறிவித்ததில் இருந்து, மூடுவதும் தள்ளிப்போடுவதுமாக இழுத்துக்கொண்டு போனது. ஓர் ஊரின் பெரிய சம்பளப் பட்டியல் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் வரும் ஆபத்து இதுதான். ஆலைக்காரர் வீட்டுக்குச் சம்பளம் வந்தால்தான் பழக்கடைக்கும் மெக்கானிக்குக்கும் டாக்ஸி ஓட்டுநருக்கும் வருமானம். வெளியே விற்றுப் பணம் கொண்டுவரும் வேலை ஒன்று போனால், அதைச் சார்ந்து ஊருக்குள் ஓடும் வேலைகளும் கூடவே போகும்.

இதில் இன்னொரு பூகோள விஷயம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. ரயில் நியூகாசில் வழியாகப் போகிறது. நெடுஞ்சாலை போகவில்லை. டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 570 கிலோமீட்டர் ஓடும் N3 நெடுஞ்சாலை வான் ரீனன் கணவாய் ஏறி, ஹாரிஸ்மித் வழியாகப் போகிறது. நியூகாசிலுக்கு N11 என்ற கிளைச் சாலைதான். சரக்கு ரயிலில் போன காலத்தில் நியூகாசில் நடுவழியில் இருந்தது. சரக்கு லாரிக்கு மாறியபோது அதே ஊர் ஓரத்துக்குப் போய்விட்டது. ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, ஆனாலும் அதன் இருப்பிடம் மாறிவிட்டது. பூகோளம் என்றால் மலையும் ஆறும் மட்டும் என்று நினைத்தால் இது பிடிபடாது.

எதிர்ப்பக்கம் பார்க்க ஹாமர்ஸ்டேலைப் பாருங்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையில், N3 ஓரமாக இருக்கும் ஊர். அதுவும் ஒரு காலத்துத் துணி ஊர்தான். நியூகாசில் பட்ட அடியை அதுவும் பட்டது, ஆலைகள் வெறுமையாகக் கிடந்தன. பிறகு கிடங்குகள் வந்தன. துணிக்கடைகள் நடத்தும் மிஸ்டர் பிரைஸ் நிறுவனத்தின் பெரிய விநியோகக் கிடங்கு அங்கேதான் இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டி நெருக்கடி, நிலம் விலை அதிகம். மேட்டில் ஏறிவிட்டால் நிலம் மலிவு, பெரிய சாலை வாசலில். துணி தைக்கும் வேலை போன ஊரில் துணிப் பெட்டி பிரிக்கும் வேலை வந்திருக்கிறது. தலைக்கணக்கில் அது பழைய வேலைக்கு ஈடல்ல, கிடங்கில் இயந்திரமும் அதிகம். இருந்தாலும் ஊர் மறுபடி எழ ஒரு காரணம் மிச்சம் இருந்தது.

ஓர் ஊரில் வேலை ஏறினாலோ இறங்கினாலோ அதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது பொருளாதாரக்காரர்களின் வழக்கம். உங்களுக்கும் உதவும், அதனால் சொல்கிறேன். நாடு முழுதும் வேலை எவ்வளவு வளர்ந்தது என்பது முதல் பங்கு. ஊரில் இருக்கும் தொழில்கள் வளரும் தொழில்களா, தேயும் தொழில்களா என்பது இரண்டாவது. இவை இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மூன்றாவது, அந்த ஊருக்கே உரிய பலம் அல்லது பலவீனம். நியூகாசிலின் இறக்கத்தில் பெரும்பகுதி இரண்டாவது வகை: கரி, எஃகு, துணி மூன்றுமே நாடு முழுக்கத் தேய்ந்த தொழில்கள். ஊர்க்காரர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். உம்லாங்காவின் ஏற்றத்திலும் பெரும்பகுதி இதே வகைதான்: வங்கி, காப்பீடு, மென்பொருள், தொலைபேசிச் சேவை, சில்லறை வணிகம். இவை எங்கே இருந்தாலும் வளர்ந்திருக்கும். ஏன் டர்பன் நகர மையத்தில் வளரவில்லை, ஏன் உம்லாங்காவில் வளர்ந்தன என்பதுதான் ஊர்சார்ந்த கேள்வி.

அதற்குக் கரும்புக்குப் போக வேண்டும். நேட்டால் கடலோரம் வெப்பமானது, பனி உறைவதில்லை, மழை உண்டு. கரும்பு அங்கே நன்றாக வரும். வெட்டிய கரும்பைச் சீக்கிரம் ஆட்டாவிட்டால் சர்க்கரைச் சத்து இறங்கிவிடும், ஆகவே ஆலை தோட்டத்தின் நடுவிலேயே இருந்தாக வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் நின்றது முதல் 1911 வரை வந்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேரில் பெரும்பாலோர் இந்தக் கடலோரப் பட்டையில் இறக்கப்பட்டது அதனால்தான். நம் கோயில்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்: இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கம், வெருலம், டொங்காட். கரும்பும் ரயிலும் போன வழியே கோயிலும் போயிருக்கும். மக்கள் சாமியைக் கொண்டுபோய் வைத்தது வேலை இருந்த இடத்தில்.

இந்தப் பட்டையில் டர்பனுக்கு வடக்கே இருந்த நிலம் பெரிய சர்க்கரை நிறுவனங்களின் கையில் பெரும் பெரும் துண்டுகளாகவே இருந்தது. இது முக்கியம். நூறு சொந்தக்காரர்களிடம் பேரம் பேச வேண்டியதில்லை, ஒரே சொந்தக்காரர், சரிவான பச்சை நிலம், கடல் தெரிகிறது. சர்க்கரையை விடக் கட்டட நிலம் லாபம் என்று ஆனபோது கரும்பு வெட்டப்பட்டு அலுவலகம் முளைத்தது. உம்லாங்காவில் கேட்வே வணிக வளாகம் 2001இல் திறந்தது. விமான நிலையம் தெற்கில் இருந்து வடக்கே லா மெர்சிக்கு 2010இல் மாறியது. டர்பன் நடுவில் ஸ்மித் தெருவிலும் வெஸ்ட் தெருவிலும் இருந்த வழக்கறிஞர்களும் கணக்கர்களும் வங்கிகளும் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். ஒரு வழக்கறிஞர் போனால் அவருக்கு வேலை தருபவர்கள் போவார்கள், அவர்கள் போனால் மதியச் சாப்பாட்டுக் கடை போகும். ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் ஓரிடத்தில் கூடுவதன் ஈர்ப்பு அவ்வளவு. புதிதாக உண்டான வேலையோடு டர்பன் நடுவில் இருந்து இடம் மாறிய வேலையும் உம்லாங்காவில் சேர்ந்திருக்கிறது. வளர்ச்சி என்று பேசும்போது இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

தங்குவதற்கான காரணத்தை ஓர் ஊர் எப்படி வளர்த்துக்கொள்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஜோகன்னஸ்பர்க்கும் வெல்கமும். இரண்டும் தங்கத்தால் பிறந்தவை. ஜோகன்னஸ்பர்க்கில் ஆறும் இல்லை, கடலும் இல்லை. கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே 1886இல் தங்கம் கண்டதால் மட்டுமே ஊர் ஆனது. ஆனால் தங்கம் எடுக்கப் பணம் வேண்டும், அடுத்த வருடமே பங்குச் சந்தை வந்தது. வெடிமருந்து வேண்டும், இயந்திரம் வேண்டும், பொறியாளர் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும். இவையெல்லாம் பக்கத்திலேயே முளைத்தன. பிறகு இவை தங்கத்தைத் தவிர மற்ற தொழில்களுக்கும் வேலை செய்யத் தொடங்கின. நாட்டில் தங்கச் சுரங்க வேலை 1980களில் ஐந்து லட்சத்துக்கும் மேல் இருந்து இன்று ஒரு லட்சத்துக்குள் சுருங்கிவிட்டது. ஜோகன்னஸ்பர்க் படுக்கவில்லை. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் வெல்கம் 1940களின் கடைசியில் திட்டம் போட்டுக் கட்டிய சுரங்க நகரம். தலைமை அலுவலகம் ஜோகன்னஸ்பர்க்கில், இயந்திரம் அங்கிருந்து, முடிவும் அங்கே. வெல்கத்தில் இருந்தது குழியும் கூலியும். குழி வற்றியபோது ஊர் வற்றியது.

வெல்கத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 1891இல் போட்ட சட்டத்தால் 1980களின் நடுப்பகுதி வரை ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்க முடியாது. உங்கள் ஊருக்கு அடுத்தே இருக்கும் உட்ரெக்ட்டும் வ்ரைஹைட்டும்கூட அப்படித்தான். மாகாணம் விட்டு மாகாணம் போக 1970கள் வரை நமக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. மற்ற நாடுகளில் வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் போவான் என்று எழுதுவார்கள். இங்கே ஆள் போகக் கூடாது என்று சட்டம் இருந்தது. நம் ஆட்கள் டர்பனைச் சுற்றியே இவ்வளவு அடர்த்தியாக இருப்பது விருப்பத்தால் மட்டும் நடந்ததல்ல.

நகரத்துக்குள்ளும் இதே கதை. டர்பன் மாநகராட்சியின் துப்புரவு, சாலை வேலைகளைச் செய்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நகர மையத்தை ஒட்டிய மேகசின் பேரக்ஸில் இருந்தன. வேலைக்கு நடந்தே போகலாம். கேட்டோ மேனரில் காய்கறி போட்டவர்கள் சந்தைக்கு விடியற்காலையில் இறங்கிவிடுவார்கள். 1950ஆம் வருடத்து இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இவர்களைப் பெயர்த்து 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கும், 1976 முதல் பீனிக்ஸுக்கும் அனுப்பியது. வீடு கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் இடையே பஸ் கட்டணமும் மணிக்கணக்கான பயணமும் நிரந்தரமாக நுழைந்தன. உம்லாசிக்கும் க்வாமாஷுவுக்கும் அனுப்பப்பட்ட கறுப்பின மக்களுக்கு இது இன்னும் மோசம். நாடு விடுதலை அடைந்து முப்பது ஆண்டு தாண்டிய பிறகும் அந்த வரைபடம் அப்படியே இருக்கிறது. சட்டத்தை ஒரே நாளில் நீக்கலாம், வீடுகளை நகர்த்த முடியாதே.

இதிலும் வேலை இடம் மாறியதால் வந்த திருப்பம் ஒன்று உண்டு. நகரத்தில் இருந்து தள்ளி வைக்கத்தான் பீனிக்ஸ் கட்டப்பட்டது. வேலை வடக்கே உம்லாங்காவுக்கு நகர்ந்ததால் பீனிக்ஸ் இன்று வேலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சாட்ஸ்வொர்த் இன்னும் தூரமாகிவிட்டது. அங்கிருந்து உம்லாங்கா அலுவலகத்துக்கு வர, பெரும்பாலும் நகர மையத்தில் வார்விக் சந்திப்பில் இறங்கி அடுத்த டாக்ஸி (பலர் சேர்ந்து போகும் வேன்) பிடிக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பெண் ஒருத்தியின் சம்பளத்தில் இது பெரிய ஓட்டை.

தூரம் ஆளை எப்படி முடக்குகிறது என்பது வேலையின்மைக் கணக்கிலேயே தெரியும். நாட்டின் வேலையின்மை சில ஆண்டுகளாக 32, 33 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது. குவாசுலு நேட்டாலின் அதிகாரப்பூர்வ விகிதம் பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் வேலை தேடுவதையே கைவிட்டவர்களையும் சேர்த்தால் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். கிராமத்தில் இருப்பவர் ஒரு நேர்முகத் தேர்வுக்கு வர டாக்ஸிக்கே கையில் பணமில்லாமல் தேடுவதை நிறுத்திவிடுகிறார், கணக்கில் இருந்தும் காணாமல் போய்விடுகிறார். வெஸ்டர்ன் கேப்பில் அதிகாரப்பூர்வ விகிதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, இரண்டு கணக்குக்கும் இடைவெளியும் குறைவு. அங்கே பழைய ‘தாயகம்’ எதுவும் இருக்கவில்லை என்பதை மறக்காமல் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். கேப் டவுனுக்கு வேறு சாதகங்களும் உண்டு. லண்டனோடு ஒன்றிரண்டு மணி நேர வித்தியாசம் மட்டும் என்பதால் பிரிட்டிஷ் நிறுவனங்களின் தொலைபேசிச் சேவை அங்கே வந்தது. டர்பனுக்கும் அதே கடிகாரம்தான். அந்தத் தொழிலில் டர்பனும் இப்போது பங்கு பெறுகிறது.

டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் ரிச்சர்ட்ஸ் பேயைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். 1976இல் திறந்த ஆழமான துறைமுகம், மலை மலையாகக் கரி ஏற்றுமதி, பெரிய அலுமினிய உருக்காலை. பணம் புரளும் அளவுக்கு ஆட்கள் தேவையில்லை. ஏற்றுமதி எண்ணைப் பார்த்து வேலையை ஊகிக்கக் கூடாது என்பதற்கு மட்டும் அதைச் சொல்கிறேன்.

தங்கும் தொழிலுக்கு நல்ல உதாரணம் கார். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1920களில் போர்ட் எலிசபெத்தில் இறங்கின. நூறு வருடம் ஆகிறது. நிறுவனங்கள் வந்தன, போயின, ஊரின் பெயரே க்கெபெர்ஹா என்று மாறிவிட்டது, கார்த் தொழில் அங்கேதான் இருக்கிறது. வெல்டரும் டூல்மேக்கரும் உதிரிபாக ஆலையும் அங்கே இருப்பதுதான் காரணம். நம் பக்கம் டர்பன் தெற்கில் ப்ரோஸ்பெக்டனில் 1970களில் இருந்து டொயோட்டா இருக்கிறது. துறைமுகம் பக்கம், சமதளமான நிலம் என்று வந்தது. அந்தச் சமதளம் ஆற்றுத் தாழ்வு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஆலை மூழ்கியது, மாதக்கணக்கில் ஓடவில்லை. வந்த காரணமே ஆபத்தாக முடிந்தது. ஆனாலும் ஆலை போகவில்லை, சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள். சுற்றிலும் உதிரிபாகக்காரர்கள், பயிற்சி பெற்ற ஆட்கள். இதை வேறு ஊரில் புதிதாகக் கட்டிக்கொள்ள முடியாது. நியூகாசிலின் தையல் ஆலைகளுக்கு இல்லாமல் போனது இந்த ஒட்டுதான்.

இன்றைய தேதியில் எல்லாவற்றையும் விட எடை கூடிய ஊர்க்காரணம் எது என்று கேட்டால், நான் தயங்காமல் நகராட்சி என்பேன். நார்த் வெஸ்ட் மாகாணத்தில் லிக்டன்பர்க் என்ற ஊர். சுற்றிலும் மாடு, பால். பாலாடைக்கட்டி ஆலைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. குளோவர் நிறுவனம் நாட்டின் மிகப் பெரிய ஆலையை அங்கேதான் வைத்திருந்தது. தண்ணீர் நின்றது, மின்சாரம் நின்றது, சாலை குழியானது, நகராட்சி கேட்கவில்லை. 2021இல் ஆலையை மூடி, டர்பன் பக்கம் குவீன்ஸ்பர்குக்கு வேலையைக் கொண்டுவந்தார்கள். அங்கே 300க்கும் மேற்பட்டவர்களின் வேலை போனது. மாடு இருக்கும் ஊரில் இருந்து மாடு இல்லாத ஊருக்குப் பாலாடைக்கட்டி ஆலை நகர்ந்திருக்கிறது. மண் கொடுத்த சாதகத்தைக் குழாயும் கம்பியும் தின்றுவிட்டன. டர்பன்காரர்கள் இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நம் பக்கமும் டொங்காட்டில் 2022 வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. 2023 நவம்பரில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்து நின்றன. துறைமுகம் இயற்கை தந்த வரம்தான், ஆனால் பழுதான கிரேனை இயற்கை வந்து சரிசெய்யாது.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இருப்பதா, கிளம்புவதா?

நியூகாசிலில் எதிர்காலமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சீனத்துச் சட்டை கப்பலில் வர வாரக்கணக்காகும், துறைமுகத்தில் தாமதமானால் இன்னும் ஆகும். உள்ளூர்க் கடைகள் வேகமாக விற்றுப்போகும் ரகத்தைச் சீக்கிரம் தைத்து வாங்க விரும்புகின்றன. 2019இல் அரசும் கடைக்காரர்களும் தொழிற்சங்கமும் சேர்ந்து உள்ளூர்த் தயாரிப்பைக் கூட்ட ஓர் ஒப்பந்தத் திட்டமும் போட்டார்கள். அருகில் இருப்பது இங்கே மறுபடி ஒரு பலமாகிறது. சட்டப்படி கூலி கொடுத்து, வேகத்தை விற்கத் தெரிந்த ஆலை நியூகாசிலில் நிற்கும். அப்படிப்பட்ட ஆலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவராக, தரம் பார்ப்பவராக இடம் கிடைத்தால் யோசியுங்கள்.

உங்கள் கைத்தொழில் எங்கேயும் தேவைப்படுவது என்றால், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், குளிர்சாதன வேலை போன்றது என்றால், அவசரப்பட்டு ஊரை விட வேண்டாம். வீடு சொந்தம், அம்மா அப்பா பக்கத்தில், செலவு குறைவு. கணக்கு, மென்பொருள், சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் என்று படித்திருந்தால் கிளம்புவதுதான் நல்லது. அத்தகைய வேலைக்கு ஒரு முதலாளி போதாது, பல முதலாளிகள் இருக்கும் ஊர் வேண்டும். ஒருவர் கைவிட்டால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருக்க வேண்டும். அது டர்பனில் உண்டு, ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் அதைவிட அதிகம்.

டர்பன் என்று முடிவானால், சொந்தக்காரர் வீடு சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே தங்காதீர்கள். வேலை வடக்கே என்றால் பீனிக்ஸிலோ வெருலத்திலோ ஓர் அறை பாருங்கள். ப்ரோஸ்பெக்டன் பக்கம் என்றால் மெரேபேங்க், இசிப்பிங்கோ. ஒரு மாத டாக்ஸிச் செலவைச் சம்பளத்தில் கழித்துவிட்டு, மிச்சத்தை வைத்து இரண்டு வேலைகளையும் ஒப்பிடுங்கள். நேர்முகத் தேர்வில் உங்களிடம் கேள்வி உண்டா என்று கேட்பார்கள் அல்லவா, அப்போது அந்த நிறுவனம் யாருக்கு விற்கிறது, சரக்கு எந்த வழியாகப் போகிறது, தண்ணீர் நின்றால் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் எந்தப் படிப்பு முடித்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதை எழுதினால் எந்தப் பகுதியில் எந்த மாதிரி நிறுவனங்களைத் தேடலாம் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.